அஞ்சுக்கும் பஞ்சவுக்கும் என்ன உறவு?

மார்ச் 2, காலை 7.10

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "தமிழில் அஞ்சு, இந்தியில் பாஞ்ச், வடமொழியில் பஞ்ச, பாரசீகத்தில் பஞ்ஜ். முதலெழுத்து உதிர்ந்தால் தமிழ் வந்துவிடுகிறது. எண்ணே ஒன்றாக இருக்கும்போது தமிழ் வேறு குடும்பம், அவை வேறு குடும்பம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

நல்ல கேள்வி. நானும் இருபது வயதில் இதையே நம்பியிருந்தேன். ஆனால் உறவு கிடையாது. மற்ற மூன்றும் ஒரு தாய் மக்கள், அஞ்சு மட்டும் வெளியாள். விளக்கம் சாயங்காலம்.

மார்ச் 2, இரவு 9.45

தமிழில் பழைய வடிவம் ஐந்து. அதன் வேர் 'ஐ' மட்டும்தான். ஐவர், ஐம்பது, ஐந்நூறு, ஐயாயிரம், ஐம்பொறி என்று சொல்லிப் பாருங்கள், 'ந்து' தானாகக் கழன்றுவிடும். பஞ்சவில் 'ஞ்ச' வேரோடு பிறந்தது. நம்முடைய 'ஞ்சு' பின்னால் பேச்சில் முளைத்தது.

எப்படி முளைத்தது என்று வீட்டுக்குள்ளேயே கேட்கலாம். துணி காய்ந்து போச்சு என்று யாரும் சொல்வதில்லை, காஞ்சு போச்சு என்கிறோம். மேய்ந்து மேஞ்சு ஆகிறது, பாய்ந்து பாஞ்சு ஆகிறது. அதே வழியில் ஐந்து அஞ்சு ஆனது. இதற்கு வடமொழியின் உதவி எதுவும் தேவையில்லை.

அடுத்தது அந்த உதிர்ந்த 'ப'. தமிழ் சொல்முதல் 'ப'வைத் தொலைக்கிற மொழி அல்ல. பஞ்சாங்கம், பஞ்சாமிர்தம், பஞ்சாயத்து எல்லாம் 'ப'வோடு வந்தன, 'ப'வோடுதான் இருக்கின்றன. சொல்முதல் 'ப'வை மாற்றியது கன்னடம். பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு. ஐந்துக்கு முன்னால் என்றைக்காவது ஒரு 'ப' இருந்திருந்தால் கன்னடக்காரர் இன்று 'ஹ' போட்டு ஐந்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வது 'ஐது'. தெலுங்கிலும் 'ஐது'.

உண்மையில் நம் ஐந்துக்கு முன்னால் ஒரு மெய் இருந்திருக்கிறது. அது 'ச'. தமிழுக்கு உறவான, மத்திய இந்தியக் காடுகளில் பேசும் கோண்டி மொழியில் ஐந்து 'சையுங்', ஆறு 'சாருங்'. நாம் இரண்டிலும் அதை இழந்துவிட்டோம். காட்டுக்குள் இருந்தவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 3, மதியம்

"அப்படியானால் ஒரே குடும்பம் என்று சொல்லப்படும் பஞ்சவும் ஆங்கில ஃபைவும் மட்டும் எப்படி ஒன்றாகும்? ஒரு எழுத்துகூடப் பொருந்தவில்லையே" என்று இன்னொருவர். ரொம்பச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். காதுக்கு ஒத்துப்போகும் அஞ்சும் பஞ்சவும் உறவில்லை, ஒத்தே போகாத பஞ்சவும் ஃபைவும் உறவு. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க எண்ணிக் கோடு போடுவது என் வேலை. நாலு நெட்டுக்கோடு, ஐந்தாவதாக அவற்றின் மேல் ஒரு குறுக்குக்கோடு. அது ஒரு கட்டு. கப்பல்காரர் தரப்பிலும் ஒருவர் நின்று அதே மூட்டைகளை எண்ணுவார். ஷிஃப்ட் முடியும்போது இரண்டு தாளும் ஒத்துப்போக வேண்டும். கிரேக்க மாலுமி வாய்க்குள் எண்ணுவது என் காதில் விழும்: 'எனா, தியோ, த்ரியா, தெசெரா, பெண்டே.' பெண்டே வரும்போது அவர் பென்சிலும் குறுக்கே போகும், என் பென்சிலும் குறுக்கே போகும். எனக்கு எண்ணின் சரித்திரத்தில் ஆசை வந்தது அந்தக் குறுக்குக்கோட்டில்தான்.

மார்ச் 3, இரவு 10.30

இப்போது முறையாக. வடமொழி, பாரசீகம், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ஐந்தின் வடிவத்தை அறிஞர்கள் 'பென்க்வெ' என்று மீட்டிருக்கிறார்கள். கடைசியில் உள்ள அந்த 'க்வெ'தான் இந்தக் கதையின் நாயகன். உதட்டைக் குவித்துச் சொல்லும் ககரம் அது, ஒவ்வொரு மொழியும் அதை ஒவ்வொரு விதமாகப் பிழிந்திருக்கிறது.

வடமொழியில் 'மற்றும்' என்பதற்கு 'ச' என்ற சின்னச் சொல் உண்டு. அதே சொல் லத்தீனில் 'க்வெ', கிரேக்கத்தில் 'தெ'. இப்போது எண்ணைப் பாருங்கள். வடமொழி பஞ்-ச. லத்தீன் க்வின்-க்வெ. கிரேக்கம் பென்-தெ. கடைசி அசை மூன்றிலும் அச்சு மாறாமல் 'மற்றும்' போலவே நடக்கிறது. 'மற்றும்' என்பதற்கும் ஐந்துக்கும் பொருளில் சம்பந்தமே இல்லை, ஆனாலும் ஒலி ஒரே தடத்தில் போகிறது. இரண்டு தாளும் டாலி ஆகிவிட்டது என்று துறைமுகத்தில் சொல்வோமே, அதுதான் இது. தற்செயல் ஒற்றுமையில் இப்படி ஒரு பொருத்தம் வரவே வராது.

மற்ற வீடுகளையும் எட்டிப் பார்த்துவிடலாம். லித்துவேனியத்தில் பென்கி. அல்பேனியத்தில் பெஸ. ரஷ்யத்தில் ப்யாத். மேற்குச் சீனத்தின் தாரிம் பாலைவனத்துச் சுவடிகளில் கிடைத்த, மறைந்துபோன தோக்காரிய மொழியின் ஒரு கிளையில் பிஷ். ஆர்மேனியத்தில் ஹிங், ஏனென்றால் அங்கே சொல்முதல் 'ப' பெரும்பாலும் 'ஹ' ஆகிவிடும். கன்னடம் செய்த அதே வேலையை எங்கோ காக்கசஸ் மலைப் பக்கத்தில் தனியாகச் செய்திருக்கிறார்கள். (ஆர்மேனியர் என்றதும் நினைவு வருகிறது. சென்னையில் அவர்கள் பெயரால் அமைந்த தெரு நம்மவர் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆனது.) கடலுக்கு அந்தப் பக்கம் சிங்களத்தில் பஹ. கொழும்புக்குத் தோணி ஓட்டிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் 'பஹ' தண்ணீர் பட்ட பாடு.

மார்ச் 4, காலை

லத்தீன் மட்டும் ஏன் 'ப'வில் தொடங்காமல் 'க்வ'வில் தொடங்குகிறது என்று கேட்டவருக்கு.

பின்னால் வரும் 'க்வ' முன்னால் இருக்கும் 'ப'வைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. பென்க்வெ, க்வென்க்வெ, பிறகு க்வின்க்வெ. ஒரு சொல்லை வைத்து மட்டும் இதைச் சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் சமைப்பதற்கான பழைய வேர் 'பெக்வ்'. வடமொழியில் அது 'பசதி', அதன் பெயர்ச்சொல் 'பாகம்', நளபாகத்தில் இருப்பது அதுதான். லத்தீனில் அதே வேர் அதே இழுப்புக்கு ஆளாகி 'கொக்வோ' ஆனது. ஆங்கிலத்தின் 'குக்' லத்தீனிலிருந்து வாங்கிய சொல். ஆக, நம் வீட்டு அடுப்பில் விசில் அடிக்கும் குக்கரும் கல்யாணச் சமையலைப் பாராட்டும் நளபாகமும் ஒரே வேர். இதை முதன்முதலில் படித்த அன்று அடுப்படிக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். "அப்ப மூணு விசில் வந்ததும் அணைங்க" என்றாள்.

பிற்கால லத்தீன் பேச்சில் இரண்டு 'க்வ' அடுத்தடுத்து வருவது நாவுக்குக் கனமாகி, முதலாவது இளகியது. இத்தாலியச் 'சின்க்வே', ஸ்பானிய 'சின்கோ', பிரெஞ்சு 'சேங்க்' எல்லாம் அதன் பிள்ளைகள்.

மார்ச் 4, மாலை

சின்னதாக ஒன்று. வெல்ஷ் மொழியில் ஐந்து 'பிம்ப்'. பிரான்சின் வடமேற்கு மூலையில் பேசும் பிரெத்தோனில் 'பெம்ப்'. பழைய 'ப'வை முதலெழுத்தில் அப்படியே காப்பாற்றியவர்கள் இவர்கள்.

மார்ச் 6, காலை 6.20

மேலே 4ஆம் தேதி மாலை எழுதியது தப்பு. யாரும் சுட்டிக்காட்டவில்லை, நேற்று ராத்திரி படுத்திருக்கும்போது எனக்கே உறைத்தது. அழிக்கவில்லை, இருக்கட்டும், திருத்தம் கீழே.

வெல்ஷ், பிரெத்தோன், ஐரிஷ் அடங்கிய கெல்டிய மொழிகள் பழைய 'ப'வைக் காப்பாற்றவே இல்லை, தொலைத்துவிட்டன. தகப்பன் லத்தீனில் 'பாத்தெர்', ஐரிஷில் 'அஹிர்'. மீன் லத்தீனில் 'பிஸ்கிஸ்', ஐரிஷில் 'ஈஸ்க்'. 'ப' போன இடம் தெரியவில்லை. அப்படியிருக்க வெல்ஷ் ஐந்தில் மட்டும் எப்படி 'ப' தங்கும்?

தங்கவில்லை. போய்த் திரும்பி வந்தது. லத்தீனில் நடந்த அதே இழுப்பு கெல்டியத்திலும் நடந்து சொல் 'க்வென்க்வெ' ஆனது. அதனால் 'ப' உதிர்ந்த காலத்தில் இந்தச் சொல்லில் உதிர 'ப' இல்லை. பிறகு வெல்ஷின் முன்னோர்கள் எல்லா 'க்வ'வையும் 'ப' ஆக்கினார்கள், இரண்டும் 'ப' ஆனது, 'பிம்ப்' வந்தது. ஐரிஷ்காரர்கள் அதை வெறும் ககரமாக விட்டார்கள், அங்கே பழைய சொல் 'கோயிக்', இன்று 'கூயிக்'. ஆக வெல்ஷில் உள்ளது பழைய 'ப' அல்ல. ஊரை விட்டுப் போன குடும்பம் காலி பண்ணிய வீட்டில் வேறு ஆள் குடிவந்த மாதிரி.

பழைய ஐரிஷ்காரருக்குப் பகரம் வாயில் வராமலே இருந்த காலம் ஒன்று உண்டு. கிறிஸ்தவம் வந்தபோது ஈஸ்டருக்கான 'பாஸ்கா' என்ற சொல்லை அவர்கள் 'காஷ்க்' என்று ககரம் போட்டு வாங்கினார்கள். இன்றும் ஐரிஷில் ஈஸ்டருக்கு அதுதான் பெயர்.

மார்ச் 6, இரவு

பாஸ்கா என்று எழுதியதும் சின்னவயதில் பக்கத்து வீட்டில் கேட்ட ஜெபம் ஞாபகம் வந்துவிட்டது. 'போஞ்சு பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டு' என்று கத்தோலிக்க விசுவாச அறிக்கையில் வரும். சீர்திருத்த சபையார் வேதாகமத்தில் அவர் 'பொந்தியு பிலாத்து'. லத்தீனில் பொந்தியுஸ்.

இந்தப் பொந்தியுஸ் பிறப்பால் ரோமானியக் குலப்பெயர் இல்லை. இத்தாலியின் மலைப்பகுதியில் இருந்த சாம்னியர்களின் பெயர். கி.மு. 321இல் காடின் கணவாயில் ரோமப் படையை மடக்கிப் பிடித்த தளபதியும் ஒரு பொந்தியுஸ்தான். அவர்கள் பேசிய ஆஸ்கன் மொழி, லத்தீன் 'க்வ' வரும் இடத்தில் 'ப' போடும். லத்தீனில் 'யார்' என்பது 'க்விஸ்', ஆஸ்கனில் 'பிஸ்'. அந்தக் கணக்கில் லத்தீன் 'க்வின்க்வெ'க்கு நேரான சொல் 'பொம்பெ'. ரோமில் 'ஐந்தாமவன்' என்ற பொருளில் க்வின்க்தியுஸ் என்று பெயர் இருந்ததைப் போல ஆஸ்கனில் பொந்தியுஸ் என்பதே அறிஞர் பெரும்பாலோர் முடிவு.

தூத்துக்குடிக் கோயில்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஜெபத்துக்குள் இந்தோ-ஐரோப்பிய ஐந்து ஒளிந்திருக்கிறது! 'போஞ்சு', 'அஞ்சு' என்று எதுகை போடுவதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அது போர்த்துக்கீசிய உச்சரிப்பு வழியாக வந்த 'ஞ்சு'.

மார்ச் 8, மதியம்

ஃபைவ் கதைக்கு இன்னும் வரவில்லை என்று மூன்று பேர் கடிந்துகொண்டார்கள். வருகிறேன்.

ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய ஜெர்மானியக் கிளையில் பழைய 'ப' எல்லாம் 'ஃப' ஆகும். வடமொழி 'பாத' ஆங்கிலத்தில் 'ஃபுட்', 'பித்ரு' 'ஃபாதர்'. ஆகவே முதல் 'ஃப' ஒழுங்கான வரவு. பின்னால் உள்ள 'க்வ' ஒழுங்காகப் போயிருந்தால் 'ஹ்வ' ஆகியிருக்கும். ஆனால் 'ஃபிம்ஃப்' ஆகிவிட்டது, ஜெர்மனில் இன்றும் 'ஃபுன்ஃப்'. லத்தீனில் பின்னது முன்னதை இழுத்தது, இங்கே முன்னது பின்னதை இழுத்திருக்கிறது. ஒரே கயிறு, எதிரெதிர் முனை.

ஆங்கிலத்தில் நடுவிலிருந்த 'ம்' எங்கே? 'ஃப', 'ஸ', 'த' போன்ற உரசொலிகளுக்கு முன்னால் மூக்கொலியை விழுங்கி, அதற்கு ஈடாக முன்னிருக்கும் உயிரை நீட்டுவது பழைய ஆங்கிலத்தின் வழக்கம். ஜெர்மன் 'கன்ஸ்' ஆங்கிலத்தில் 'கூஸ்', 'உன்ஸ்' 'அஸ்', 'முண்ட்' 'மவுத்'. அப்படியே 'ஃபிம்ஃப்' 'ஃபீஃப்' ஆனது. பிறகு 'ஈ' என்ற நெடில் 'ஐ' ஆகத் திரிந்து ஃபைவ்.

மார்ச் 8, இரவு 11

ஃபோர் பற்றியும் சொல்லாமல் தூக்கம் வராது. நாலுக்குப் பழைய வடிவத்தில் முதலெழுத்து 'க்வ'. வடமொழி சத்வார, லத்தீன் க்வத்துவோர், ரஷ்யம் செத்தீரே. ஆங்கிலத்தில் இது 'வாட்' என்ற சொல்லைப் போல 'ஹ்வ'வில் தொடங்கியிருக்க வேண்டும் (அதற்கு லத்தீன் நேர் 'க்வோத்'). ஆனால் 'ஃப' வந்து உட்கார்ந்திருக்கிறது. காரணம் பக்கத்து வீட்டு ஐந்து என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். நாம் எண்களைத் தனித்தனியாகச் சொல்வதில்லை, வரிசையாகத்தான் சொல்கிறோம். நாலைச் சொல்லும்போதே வாய் ஐந்துக்குத் தயாராகிவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு குழந்தை 'ஆறு, ஏறு, எட்டு' என்றுதான் எண்ணுவாள். தனியாக 'இது எத்தனை' என்று விரலைக் காட்டினால் ஏழு என்று ழகரம் சுத்தமாக வரும். வரிசையில் சொன்னால் ஏறு. ஆறு அதை இழுக்கிறது.

இந்த இழுப்பு என்னைத் துறைமுகத்தில் ஒருமுறை கவிழ்த்துமிருக்கிறது. ரஷ்ய மாலுமிகள் உள்ள கப்பல். ஸ்லிங்கில், அதாவது மூட்டைகளைத் தூக்கும் கயிற்றுக் கட்டில், ஒன்பது மூட்டை என்று மாலுமி மேலிருந்து கத்தும்போது நான் பலமுறை பத்து என்று எழுதிவிட்டேன். அங்கே ஒன்பது 'தேவ்யத்', பத்து 'தேஸ்யத்'. பாரம் தூக்கும் விஞ்ச் எந்திரத்தின் இரைச்சலில் 'வ'வும் 'ஸ'வும் யாருக்குத் தெரியும்? ஷிஃப்ட் முடிவில் ஏழு மூட்டை இடித்தது. தாளை ஒவ்வொரு ஸ்லிங்காகத் திரும்பப் பார்த்துத் தீர்க்க இரவு இரண்டு மணி. விஞ்ச் ஓட்டிய அண்ணாச்சி, "விரலைக் காட்டச் சொல்லியிருக்கலாம்லா தம்பி" என்றார்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தத் 'த' ஒரிஜினலே இல்லை. ஒன்பது பெரும்பாலான வீடுகளில் 'ந'வில் தொடங்கும்: நவ, நோவெம், நைன். ரஷ்யம் போன்ற ஸ்லாவிய மொழிகளிலும் லித்துவேனியம், லாத்வியம் இரண்டிலும் மட்டும் பக்கத்திலுள்ள பத்தின் 'த' ஒன்பதின் தலையில் ஏறிக்கொண்டது. லித்துவேனியத்தின் மறைந்துபோன உறவான பழைய பிரஷ்ய மொழியில் 'ஒன்பதாவது' இன்னும் 'ந'வோடு இருந்ததற்கு எழுத்துச் சான்று உண்டு. என் ஏழு மூட்டைக் கணக்கு சில ஆயிரம் வருடத்துக்கு முன்பே தப்ப ஆரம்பித்திருக்கிறது.

மார்ச் 9

கையை மடக்கிய முஷ்டியும் ஐந்தும் உறவா என்ற கேள்விக்கு: ஆங்கில 'ஃபிஸ்ட்', ரஷ்ய 'ப்யாஸ்த்' இரண்டையும் ஐந்தின் வேரோடு சேர்ப்பவர்கள் பலர். 'ஃபிங்கர்' அவ்வளவு உறுதியில்லை. பஞ்சாப் இரண்டு பாதியும் பாரசீகம், 'பஞ்ஜ்' ஐந்து, 'ஆப்' தண்ணீர்.

மார்ச் 11, இரவு 8.50

போன வாரம் ஒரு கல்யாணத்தில் முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்கு நின்றுகொண்டிருந்தேன். அப்போது தோன்றியதை எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான்.

பந்தி என்பது வடமொழி 'பங்க்தி'. பங்க்திக்கு வரிசை என்று பொருள் சொல்கிறோம். முதற்பொருள் 'ஐந்தின் தொகுதி'. வேதத்தில் பங்க்தி என்ற யாப்பு எட்டெட்டு அசையாக ஐந்து அடி கொண்டது. பிறகு ஐந்து மறைந்து வெறும் வரிசை மிஞ்சியது. பத்திரிகையில் எழுதும் பத்தியும் அதே பங்க்திதான்.

ரஷ்ய 'ப்யாத்' பஞ்சவின் நேர்ப்பிள்ளை அல்ல, பங்க்தியின் உடன்பிறப்பு. 3ஆம் தேதி நான் அதை மற்றவற்றோடு ஒரே வரியில் வைத்தது அவசரம். 'பென்க்வ்'வோடு 'தி' சேர்த்துச் செய்த பெயர்ச்சொல் அது. சான்று அவர்கள் மூட்டையை எண்ணும் விதத்தில் இருக்கிறது. ஒரு மூட்டை 'அதீன் மெஷோக்'. இரண்டு, மூன்று, நாலு வரை 'மெஷ்கா'. ஐந்து வந்ததும் 'ப்யாத் மெஷ்கோவ்', அதாவது 'மூட்டைகளின் ஒரு ஐந்து'. நாலு வரை எண் பெயரடை மாதிரி நடந்துகொள்கிறது. ஐந்திலிருந்து எண் தானே ஒரு பொருள் ஆகி, மூட்டை அதற்கு வேற்றுமை ஏற்கிறது. கப்பல் தட்டில் அவர்கள் 'மெஷ்கா, மெஷ்கா, மெஷ்கோவ்' என்று மாற்றி மாற்றிச் சொன்னபோது ஏதோ கணக்குச் சங்கேதம் என்று நினைத்திருந்தேன்.

ஆக, நாம் சாப்பிட உட்காரும் பந்தியும் மாஸ்கோ கடைக்காரர் சொல்லும் ஐந்தும் ஒரே அச்சில் வார்த்தவை. நமக்கு அது கடன் வாங்கிய சொல், அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. தமிழுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஐந்தின் வழியில் உள்ள உண்மையான தொடர்பு இப்படிப்பட்ட கடன்தான். முதல் கேள்வி கேட்டவர் தேடிய உறவு அஞ்சில் இல்லை, இலையில் இருக்கிறது.

மார்ச் 12, காலை

"அஞ்சு மூத்த வடிவம், ஐந்து பிறகு இலக்கணக்காரர் திருத்தியது என்று ஏன் சொல்லக்கூடாது?" சொல்லலாம். ஆனால் அப்போது ஐவருக்கும் ஐம்பதுக்கும் 'ஐ' எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும், கன்னடத்து ஐதுவுக்கும் சேர்த்து.

மார்ச் 15, இரவு

கிரேக்கத்தில் ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்டிருந்தேன். கிரேக்கக் கப்பல்காரர் ஐந்தைப் பெண்டே என்பார், வியாழக்கிழமையை 'பெம்ப்தி' என்பார். ஞாயிறு முதல் எண்ணினால் ஐந்தாம் நாள். ஐந்தில் 'த', ஐந்தாவதில் 'ப' எப்படி? பழைய 'க்வ' எகரத்துக்கு முன்னால் 'த' ஆனது, மெய்க்கும் அகரத்துக்கும் முன்னால் 'ப' ஆனது. ஒரே மொழிக்குள் ஒரே ஒலியின் இரண்டு பிள்ளைகள். 'க்வ' என்று ஒன்று இருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஒரு மூன்றாம் சாட்சி பழைய கிரேக்கக் கவி ஹோமரிடம் இருக்கிறது. ஒடிசியின் நாலாம் பகுதியில் கடற்கிழவன் புரோத்தியுஸ் கரையேறித் தன் கடல்நாய்களை எண்ணுவதைப் பற்றி வருகிறது. எண்ணிப் பார்த்தபிறகு, ஆட்டு மந்தை நடுவே இடையன் படுப்பதுபோல் அவற்றின் நடுவே படுத்துக்கொள்வான். அங்கே எண்ணுவதற்கு ஹோமர் போட்டிருக்கும் வினைச்சொல் 'பெம்பாஸ்ஸெதாய்'. அகரத்துக்கு முன்னால் அதே 'ப'. பொருள், ஐந்தைந்தாக எண்ணுவது.

டாலிதான். கரையில் நின்றுகொண்டு, நாலு கோடு, மேலே ஒரு குறுக்கு.